கடலடி நிலநடுக்கமானியை உருவாக்குதல்: எடைக் கணக்கு முதல் மீட்பு வரை முழுமையான வழிகாட்டி

கப்பலிலிருந்து கயிறின்றி விடப்பட்டு, தன் எடையாலேயே கடலடிக்கு மூழ்கி, அங்கே பல மாதங்கள் தானாகப் பதிவு செய்து, கட்டளை கிடைத்ததும் நங்கூர எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும் நிலநடுக்கமானியை எப்படி உருவாக்குவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எண்களோடு பேச வேண்டியிருப்பதால், வங்காள விரிகுடாவில் 3,000 மீட்டர் ஆழத்தில் 180 நாட்கள் இருக்க வேண்டிய ஒரு கருவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உணரியிலிருந்து தொடங்குகிறார்கள். நல்ல உணரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி மற்ற பாகங்களை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். முடிவில் எடை கூடி, மின்கலத்துக்கு இடமில்லாமல், விடுவிப்பு அமைப்பைக் கிடைத்த மூலையில் பொருத்த வேண்டியதாகிவிடுகிறது. கருவி எப்படித் திரும்பி வரும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது பதிந்த நேரத்தை எப்படி நம்புவது என்பது இரண்டாவது. எந்த உணரி என்ற கேள்வி அவற்றுக்குப் பிறகே வர வேண்டும். திரும்பி வராத கருவியில் தரவு இல்லை. நேரம் தெரியாத பதிவிலிருந்து நிலநடுக்கத்தின் இடத்தைக் கணக்கிட முடியாது.

1. தொடங்குமுன் எழுத்தில் இருக்க வேண்டியவை

எந்த அலைகளைப் பதியப் போகிறோம், எவ்வளவு காலம், எந்த ஆழத்தில் ஆகிய மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கி வெடிப்புகளைக் கொண்டு (அழுத்திய காற்றை நீருக்குள் திடீரென்று விடுவித்து) புவி மேலோட்டை ஆய்வது நோக்கமானால், நில அதிர்வை உணரும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன்களும் நீரின் அழுத்த அலைகளை உணரும் ஹைட்ரோஃபோனும் போதும்; சில வாரப் பதிவு, நொடிக்கு 250 மாதிரிகள் என்ற அளவில் வேலை முடியும். தொலைதூர நிலநடுக்கங்களின் மேற்பரப்பலைகள் தேவையென்றால் 100 நொடிக்கு மேற்பட்ட அலைவுக்காலம் வரை உணரும் அகலப்பட்டை உணரி வேண்டும். காலமும் ஓராண்டை நெருங்கும்.

ஆழத்தை எழுதும்போது திட்டமிட்ட புள்ளியின் ஆழத்தை மட்டும் எழுதினால் போதாது. சரிவில் இறங்கும் கருவி நீரோட்டத்தால் விலகி, இன்னும் ஆழமான இடத்தில் அமரக்கூடும். எனவே அந்த வட்டாரத்தின் மிக ஆழமான இடத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய துணைக்கருவிகள்: துல்லியமான தராசு, உப்புநீர் நிரப்பக்கூடிய பெரிய தொட்டி, வெற்றிட பம்பும் அளவியும், கருவியின் மின்சுற்றுகள் முழுவதும் உள்ளே போகும் அளவுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி, ஜிபிஎஸ் நேரத்துடிப்பு தரும் கடிகாரம். இவற்றுள் பலரும் வாங்க மறப்பது குளிர்பதனப் பெட்டியைத்தான். ஆழ்கடலின் அடியில் வெப்பநிலை 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும்; 30 டிகிரி அறையில் சரியாக ஓடிய மின்சுற்றைப் பற்றி நமக்கு உண்மையில் எதுவும் தெரியாது.

2. எடைக் கணக்கு

மிதப்புக்கும் அழுத்தத்தைத் தாங்குவதற்கும் பரவலாகப் பயன்படுவது 17 அங்குல விட்டமுள்ள போரோசிலிகேட் கண்ணாடிக் கோளம். அதன் வெளி விட்டம் 432 மில்லிமீட்டர். வெளியேற்றும் கடல்நீர் ஏறத்தாழ 43 கிலோ. கண்ணாடியின் எடை ஏறத்தாழ 18 கிலோ. ஆகவே ஒரு கோளம் தரும் நிகர மிதப்பு 25 கிலோ அளவில் இருக்கும். இதுதான் நம் கையிருப்பு முழுவதும். இதிலிருந்துதான் ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுக்க வேண்டும்.

கணக்கில் இரண்டு விதிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோளத்துக்குள் வைக்கும் எந்தப் பொருளும் தன் முழு எடையையும் கழிக்கும். ஏனெனில் அது வெளியேற்றும் நீரைக் கோளம் ஏற்கெனவே வெளியேற்றிவிட்டது. கோளத்துக்கு வெளியே நீரில் நனைந்திருக்கும் பொருளுக்கு மட்டுமே நீருக்குள்ளான எடையைக் கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உள்ளே மின்கலம் 3.5 கிலோ, மின்சுற்றும் தாங்கு பலகைகளும் 2.5 கிலோ, வெளியே நீரெடையாக உணரிப் பெட்டி 5, சட்டகம் 2.5, ஒலிவழி விடுவிப்பான் (ஒலிக்கட்டளை வந்ததும் நங்கூரத்தைக் கழற்றும் அமைப்பு) 2, வானொலி அனுப்பியும் விட்டுவிட்டு மின்னும் விளக்கும் 1.5 கிலோ. மொத்தம் 17. மீதமுள்ள 8 கிலோதான் கருவியை மேலே தூக்கும் விசை.

இந்த மீதம் 5 கிலோவுக்குக் கீழே போக விடாதீர்கள். 6 கிலோ விசையும் கால் சதுர மீட்டர் குறுக்குப் பரப்பும் இருந்தால், கருவி நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் எழும். 3,000 மீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். விசை குறைந்தால் நேரம் கூடும். அந்த நேரமெல்லாம் நீரோட்டம் கருவியைத் தள்ளிக்கொண்டே போகும்.

வங்காள விரிகுடாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய ஆறுகளின் நன்னீர் கலப்பதால் வடபகுதியில் மேற்பரப்பு நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,020 கிலோவுக்கும் கீழே இறங்குவதுண்டு. 3,000 மீட்டர் ஆழத்திலோ அது 1,040ஐ ஒட்டியிருக்கும். ஒரு கோளத்துக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். அடியிலிருந்து நன்றாக எழுந்த கருவி, மேற்பரப்பில் கொடியும் விளக்கும் நீரில் அமிழ்ந்த நிலையில் நின்றால் கண்ணில் படாது. எனவே மிதப்பை மேற்பரப்பு நீரின் அடர்த்திக்கே கணக்கிட வேண்டும்.

நங்கூர எடையில் நடக்கும் பிழை இன்னொரு வகை. 30 கிலோ இரும்பு கடல்நீரில் 26 கிலோவாக இருக்கும். 30 கிலோ கான்கிரீட்டோ 17 கிலோவாகிவிடும். இரும்புக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு செலவைக் குறைக்கக் கான்கிரீட்டுக்கு மாறினால், கருவி மெதுவாக மூழ்கி வெகுதூரம் விலகும். அடியில் உறுதியாக அமராமல் நீரோட்டத்தில் ஆடவும் செய்யும்.

கடைசியாக, சமநிலையை நங்கூரம் இருக்கும்போது ஒரு முறையும் கழன்ற பிறகு ஒரு முறையும் தனித்தனியே பாருங்கள். நங்கூரத்தோடு நிமிர்ந்து நிற்கும் சட்டகம், அது போனதும் தலைகீழாகத் திரும்பினால், வானொலி ஆண்டெனா நீருக்குள் போய்விடும்.

3. கண்ணாடிக் கோளத்தை மூடுதல்

இரண்டு அரைக்கோளங்களும் ஓ-ரிங் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்) எதுவுமில்லாமல், அரைத்துச் சமப்படுத்திய கண்ணாடி விளிம்போடு விளிம்பாகவே பொருந்துகின்றன. 3,000 மீட்டரில் அழுத்தம் ஏறத்தாழ 300 பார், அதாவது மேற்பரப்புக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 300 மடங்கு. ஒவ்வொரு அரைக்கோளத்தின் மீதும் சுமார் 450 டன் விசை விழும். அந்த விசை முழுவதும் அந்த விளிம்பு வழியாகத்தான் கடக்கிறது. அங்கே சிக்கிய ஒரு தலைமயிர், விசையை ஒரே புள்ளியில் குவித்துக் கண்ணாடியைச் செதிலாகப் பெயர்க்கப் போதும்.

மூடும் வரிசை இது. இரண்டு பாதிகளும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். அவை ஒரே இணையைச் சேர்ந்தவைதாமா என்று எண்ணைப் பாருங்கள். ஒன்றின் மேல்பாதி இன்னொன்றின் கீழ்பாதியோடு பொருந்துவது போலத் தெரியலாம், ஆனால் அவை சேர்த்து அரைக்கப்பட்டவை அல்ல. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் விளிம்பைத் துடையுங்கள். பிறகு விளக்கைச் சாய்வாகப் பிடித்து விளிம்பைச் சுற்றிலும் பார்க்க வேண்டும்: நேர் வெளிச்சத்தில் தெரியாத செதில், சாய்ந்த ஒளியில் மீன் செதிலைப் போல மின்னும். அப்படி மின்னினால் அந்தக் கோளத்தை ஒதுக்கி, உற்பத்தியாளர் தரும் வரம்போடு செதிலின் ஆழத்தை ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள்.

மூடியபின் காற்றை உறிஞ்சி உள்ளழுத்தத்தை 0.7 முதல் 0.8 பார் வரை குறைக்க வேண்டும். இது இரண்டு வேலைகளைச் செய்கிறது. கப்பல் தளத்திலும் ஆழமற்ற நீரிலும் பாதிகளை இறுகப் பிடித்து வைக்கிறது. கசிவு இருந்தால் சில மணி நேரத்தில் அளவியில் காட்டியும் கொடுக்கிறது. அதன் பிறகே பியூட்டைல் நாடாவையும் அதன்மேல் காப்பு நாடாவையும் சுற்ற வேண்டும். நாடாவை முதலில் சுற்றிவிட்டு உறிஞ்சுபவர்கள், கண்ணாடி சரியாகப் பொருந்தியதா, நாடாதான் காற்றைத் தடுத்து நிற்கிறதா என்பதை அறிய முடியாது.

ஈரப்பதத்தைப் பலர் சிறு விஷயமாக நினைக்கிறார்கள். கடற்கரை நகரத்தின் 30 டிகிரி ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடினால், 34 லிட்டர் கொள்ளளவுள்ள அந்தக் கோளத்தில் முக்கால் கிராமுக்குக் குறையாத நீராவி இருக்கும். 2 டிகிரிக்குக் குளிரும்போது அதில் பெரும்பகுதி துளிகளாக மின்சுற்றின் மேல் படியும். உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தி உள்காற்றை மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் குளிரூட்டிய அறையில் மூடி, புதிதாக உலர்த்திய சிலிக்கா ஜெல் பைகளை வையுங்கள்.

4. ஓ-ரிங், கனெக்டர், உலோகம்

உணரிக்குத் தனி உலோக உருளை வைத்தால் அங்கே ஓ-ரிங் வரும். ஓ-ரிங் பெரும்பாலும் ஆழத்தில் கசிவதில்லை. அழுத்தம் அதைப் பள்ளத்தில் நன்றாக அமுக்கிவிடும். முதல் சில பத்து மீட்டரில், அழுத்தம் இன்னும் போதாத நிலையில்தான் கசிவு நடக்கிறது. எனவே உருளைக்கும் வெற்றிடச் சோதனை கட்டாயம்; அழுத்தத் தொட்டியில் தேறியதே போதும் என்று அதை விட்டுவிடக் கூடாது.

சிலிக்கான் கிரீஸை ஓ-ரிங் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அதிகமாகப் பூசினால் பள்ளத்தில் தூசியும் நாரும் ஒட்டிக்கொள்ளும். பழைய ஓ-ரிங்கைப் பள்ளத்திலிருந்து எடுக்க ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்துவது, அடைப்புப் பரப்பில் கீறல் விழுவதற்கான நேர்வழி. அதற்கென்று மழுங்கிய பிளாஸ்டிக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத் தேர்வில் 316 வகை துருப்பிடிக்காத எஃகை நம்புபவர்கள் உண்டு. திறந்த பரப்பில் அது தாங்கும். வாஷருக்கு அடியிலும் பட்டைக்கு அடியிலும் நீர் தேங்கும் இடுக்குகளில் அது அரிக்கப்படும். மாதக்கணக்கில் இருக்க வேண்டிய பாகங்களுக்கு டைட்டானியமே பாதுகாப்பானது. டைட்டானியமும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரைந்துவிடும் என்பதால், இடையில் பிளாஸ்டிக் வளையமும் குழாயும் கொடுத்துப் பிரித்து வையுங்கள்.

5. கடிகாரம்

கடலுக்கடியில் ஜிபிஎஸ் கிடையாது. விடுமுன் ஒரு முறையும் மீட்டபின் ஒரு முறையும் மட்டுமே நேரத்தை ஒப்பிட முடியும். இடைப்பட்ட காலம் முழுவதும் உள்ளே சீராகத் துடித்து நேரம் காட்டும் அலையியற்றியை நம்பியிருக்கிறோம்.

நல்ல வெப்பநிலைத் திருத்தக் குவார்ட்ஸ் அலையியற்றி பத்து கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகும். அது நாளொன்றுக்கு 0.86 மில்லிநொடி, 180 நாட்களில் ஏறத்தாழ 155 மில்லிநொடி. மேலோட்டில் முதன்மை அலை (நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் அலை) நொடிக்கு 6 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், திருத்தாத இந்தப் பிசகு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடப்பிழையாக மாறும். சில்லு அளவு அணுக்கடிகாரம் இதைவிடப் பன்மடங்கு துல்லியமானது. ஆனால் அது மட்டுமே 0.12 வாட் எடுத்துக்கொள்ளும். 180 நாட்களுக்கு 500 வாட்-மணிக்கு மேல். குவார்ட்ஸா அணுக்கடிகாரமா என்பதை அடுத்த பிரிவின் மின்கலக் கணக்கோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், குளிர்பதனப் பெட்டியில் 2 அல்லது 3 டிகிரியில் வைத்து வாரக்கணக்கில் ஜிபிஎஸ் துடிப்போடு ஒப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். குவார்ட்ஸ் படிகம் இயக்கத் தொடங்கிய முதல் நாட்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் பிசகும். ஆகவே கடலில் விடுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே கடிகாரத்தை இயக்கி, பிறகு எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டும். கப்பலில் ஏற்றும் அவசரத்தில் மின்கலத்தை மாற்றி, கடிகாரத்தையும் சேர்த்து நிறுத்திவிடுவது மிகப் பரவலான பிழை. கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் வைத்தால் இது நேராது.

ஜிபிஎஸ் நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்றல்ல என்பதையும் மென்பொருளை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் இடையில் 18 நொடி வேறுபாடு உள்ளது. கோப்பின் தலைப்பகுதியில் எந்த நேரம் எழுதப்படுகிறது என்று வெளிப்படையாகக் குறியுங்கள்.

6. மின்கலம்

கருவி முழுவதும் சராசரியாக 0.4 வாட் எடுப்பதாகக் கொண்டால், 180 நாட்களுக்கு 1,728 வாட்-மணி வேண்டும். டி-அளவு லித்தியம் தயோனைல் குளோரைடு கலம் ஒன்றில் பெயரளவில் 68 வாட்-மணி உண்டு. குளிரையும் முதுமையையும் கழித்து எழுபது விழுக்காடு கிடைக்கும் என்று எடுத்தால் 37 கலங்கள், ஏறத்தாழ மூன்றரை கிலோ. அதே ஆற்றலுக்குக் குளிரில் 12 வாட்-மணி தரும் அல்கலைன் கலங்களை வைத்தால் 144 தேவைப்படும்; எடை 20 கிலோவைத் தொடும். இரண்டாவது பிரிவின் கணக்கில் 3.5 என்ற இடத்தில் 20ஐ வைத்துப் பாருங்கள்: கருவி மேலே வரவே வராது. அல்கலைன்தான் கிடைக்கும் என்றால், இரண்டாவது கோளத்துக்கு முதல் நாளிலேயே இடம் ஒதுக்குங்கள்.

லித்தியம் கலங்களை விமானத்தில் அனுப்புவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. கப்பல் புறப்படும் துறைமுகத்துக்கு அவை தரைவழியாகவோ கடல்வழியாகவோ முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். அல்கலைன் கலங்கள் மூடிய இடத்தில் சிறிதளவு ஹைட்ரஜனை வெளியிடும். ஆகவே நீண்ட நாள் மூடியிருந்த கோளத்தைத் தீப்பொறி வரும் இடத்தில் திறக்காதீர்கள்.

7. உணரி

உணரி பற்றி முன்பே பலரும் நிறையப் படித்திருப்பீர்கள் என்பதால், கடலடிக்கே உரிய மூன்று செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலாவது, சட்டகத்திலிருந்து உணரியைப் பிரிப்பது. அகலப்பட்டை உணரியானால் அதைச் சட்டகத்தின் ஓரத்தில் தொங்கவிட்டு, கருவி அமர்ந்தபின் சேற்றில் தனியாக இறங்கும்படி அமைக்க வேண்டும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் நீரோட்டம் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிற்றைச் சுற்றிச் செல்லும்போது, அதன் பின்னே நொடிக்கு இரண்டு சுழல்கள் வீதம் உருவாகிக் கயிற்றை அதிரச் செய்யும். 2 ஹெர்ட்ஸ் நம் பதிவுப் பட்டையின் நடுவிலேயே இருக்கிறது. தளர்வாகத் தொங்கும் மீட்புக் கயிறும் ஆண்டெனாவும் கொடிக்கம்பும் ஆறு மாதப் பதிவைக் கெடுத்துவிடும் வல்லமை உடையவை. கயிற்றைப் பெட்டிக்குள் சுருட்டி வையுங்கள்.

இரண்டாவது, மட்டப்படுத்துதல். அமர்ந்தவுடன் ஒரே முறை மட்டப்படுத்திவிட்டால் போதாது. மென்சேற்றில் கருவி முதல் நாட்களில் மேலும் சாயும். சில மணி நேரம் கழித்து ஒரு முறை, ஓரிரு நாள் கழித்து மறுபடி, அதன்பின் நீண்ட இடைவெளிகளில் என்று திட்டமிடுங்கள். ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓடிய நேரம் பதிவேட்டில் விழ வேண்டும்; இல்லாவிட்டால் ஆய்வாளர் அதை நிலநடுக்கமாக எண்ணக்கூடும்.

மூன்றாவது, ஹைட்ரோஃபோனை எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டம் தேவையில்லை. சேற்றோடு பிணைப்பும் தேவையில்லை. நிலநடுக்க உணரி சாய்ந்து செயலிழந்தாலும் அந்த ஒரு தடம் பயணத்தைக் காப்பாற்றும். 20 ஹெர்ட்ஸ் அருகே சீரான இடைவெளியில் துடிப்புகள் தெரிந்தால் கருவிக் கோளாறு என்று பதற வேண்டாம். துடுப்புத் திமிங்கிலங்கள் அப்படித்தான் ஒலி எழுப்பும்.

8. பதிவி

நான்கு தடங்கள், நொடிக்கு 100 மாதிரிகள், மாதிரிக்கு 4 பைட் என்றால் 180 நாட்களுக்குச் சுமார் 25 ஜிபி. இன்றைய நினைவக அட்டைகளுக்கு இது பெரிதல்ல. சிக்கல் எழுதும் தருணத்தில் உள்ளது: அட்டையில் எழுதும்போதெல்லாம் மின்னோட்டம் திடீரென்று உயர்ந்து, உணரியின் சமிக்ஞையைக் கையாளும் ஒப்புமைச் சுற்றுக்குள் சீரான கால இடைவெளியில் துடிப்பாக நுழையும். தனி மின்சீராக்கி கொடுத்து, தரவை இடைநினைவகத்தில் தேக்கி, எழுதுவதை அரிதாக்குங்கள்.

அந்தச் சமிக்ஞையை எண்களாக மாற்றும் 24 பிட் டெல்டா-சிக்மா மாற்றிகளுக்குள் இருக்கும் எண்ணிலக்க வடிகட்டி, மாதிரியைத் தாமதப்படுத்துகிறது. இந்தத் தாமதத்தைத் தரவுத்தாளில் படித்துக் கழிப்பதோடு விடாதீர்கள். ஜிபிஎஸ் நொடித்துடிப்பையே உள்ளீட்டில் கொடுத்து, கோப்பில் அது எந்த நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள். முழு நொடியில் விழாவிட்டால் கடலில் விடும் தகுதி இன்னும் வரவில்லை. மாதிரி வீதத்தை மாற்றினால் தாமதமும் மாறும்; சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதே மேசையில் திசைச் சோதனையையும் முடித்துவிடலாம். உணரியை மெல்ல மேல்நோக்கித் தூக்கினால் செங்குத்துத் தடம் நேர்மறையாக நகர வேண்டும். இடைக்கம்பிகள் மாறிப்போயிருந்தால் அதைக் கண்டறிய இதைவிட எளிய வழியில்லை.

9. விடுவிப்பு

பரவலான முறை மின்பகுப்பு அரிப்பு. நங்கூரத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பியில் ஒரு சிறு பகுதியை மட்டும் காப்புறையின்றி விட்டு, ஒலிக்கட்டளை வந்ததும் அதற்கு நேர்மின் அழுத்தம் கொடுத்தால், கடல்நீரே கடத்தியாகச் செயல்பட்டு அந்தப் பகுதி சில நிமிடங்களில் கரைந்து அறும்.

இதைக் குழாய்நீரில் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சுற்றைத் திருத்தத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்னீர் மின்சாரத்தைப் போதுமான அளவு கடத்தாது; சுற்றில் குறை எதுவும் இருக்காது. குளிர்ந்த உப்புநீரில், உண்மையான இழுவிசையைக் கொடுத்து, அறும் நேரத்தைக் குறியுங்கள். கம்பி தளர்வாக இருந்தால் அது அறுந்த பிறகும் நெம்புகோல் அசையாமல் நிற்கலாம்.

ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு தனித்த கம்பிகள், தனித்த மின்கலங்கள், இவற்றோடு ஒலிக்கட்டளை இல்லாமலேயே குறித்த நாளில் விடுவிக்கும் நேரமானி ஆகியவை இருக்கட்டும். அந்த நாளைக் கப்பலின் பயணத் திட்டத்துக்குள் வையுங்கள்; கப்பல் வருமுன் மேலே வந்துவிட்ட கருவி, நீரோட்டத்தோடு போய்விடும். தொலைவு அறியும் கட்டளையும் விடுவிக்கும் கட்டளையும் வெவ்வேறு குறியீடுகளாக இருக்க வேண்டும் என்பதும் அடிப்படை.

10. சோதனைகளின் வரிசை

ஒவ்வொரு சோதனையும் தன்னைவிடச் செலவு மிக்க அடுத்த சோதனையைக் காக்கும்படி வரிசைப்படுத்துங்கள். மின்சுற்றுகள் முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் குறைந்தது இரண்டு வாரம். பிறகு உள்ளே எதுவும் இல்லாத கோளமும் உருளையும் அழுத்தத் தொட்டியில். அதன்பின் முழுக் கருவியும் உப்புநீர்த் தொட்டியில், நங்கூரத்தோடும் இல்லாமலும்.

இந்தியாவில் அழுத்தச் சோதனைக்குச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயரழுத்தக் கலன் இருக்கிறது. கண்ணாடிக் கோளம் உள்ளே நொறுங்கினால் எழும் அதிர்ச்சியலை கலனையே சேதப்படுத்தும் என்பதால், கோளத்தின் சான்றிதழையும் பழைய பயன்பாட்டு வரலாற்றையும் முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெறுங்கள். ஒரு கோளம் நொறுங்கினால் அருகிலுள்ளவையும் சேர்ந்து நொறுங்கும். எனவே ஒவ்வொன்றாகவே சோதிக்க வேண்டும். பணி அழுத்தத்துக்கு மேல் ஏற்றி, சில மணி நேரம் நிறுத்தி, இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். முதல் ஏற்றத்தில் தெரியாத விரிசல் இரண்டாவதில் தெரிவதுண்டு.

அடுத்து, ஒலி விடுவிப்பான்களை மட்டும் கப்பலின் கம்பியில் கட்டிப் பணி ஆழத்துக்கு இறக்கி, கட்டளை கொடுத்துப் பாருங்கள். இது ஒரு நாள் கப்பல் நேரத்தை எடுக்கும் என்று தயங்குபவர்கள், அந்த ஒரு நாளைச் சேமித்து ஒரு முழுக் கருவியைப் பணயம் வைக்கிறார்கள். கடைசியாக, பணி ஆழத்தில் ஓரிரு நாள் மட்டும் விட்டு மீட்டு, பதிவைப் படித்த பிறகே 180 நாளுக்கு விடுங்கள்.

11. கப்பல் தளத்தில்

சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் செய்து, செய்ததைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒருவரே படித்து ஒருவரே செய்தால், களைப்பில் ஒரு வரி தவறிப்போகும். வெற்றிடத் துளையின் மூடி, பயன்படாத கனெக்டர்களை அடைக்கும் போலி முளைகள், விடுவிப்பின் பாதுகாப்பு ஊசி ஆகியவையே பெரும்பாலும் மறக்கப்படுபவை. கழற்ற வேண்டிய ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டி, கழற்றிய நாடாக்களை எண்ணிப் பாருங்கள்.

கடிகார ஒப்பீட்டை நீரில் விடுவதற்கு முடிந்தவரை அண்மையில் செய்யுங்கள். நங்கூரத்தை அதன் பிறகே மாட்ட வேண்டும்.

கருவி அமர்ந்தபின் அதன் இடத்தைக் கண்டறியாமல் கப்பலை நகர்த்தாதீர்கள். விட்ட புள்ளிக்கும் அமர்ந்த புள்ளிக்கும் இடையே சில நூறு மீட்டர் வேறுபடுவது இயல்பு. ஆழத்துக்கு ஏறத்தாழ இணையான ஆரத்தில் கப்பலைச் சுற்றி ஓட்டி, பல புள்ளிகளிலிருந்து ஒலித்தொலைவை அளந்து, ஆழத்துக்கேற்ப ஒலிவேகம் மாறுவதை அன்று அளந்த அளவுகளைக் கொண்டு கணக்கிடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுத்த அளவுகள் எத்தனை இருந்தாலும், மறுபக்கத்திலிருந்து எடுத்த ஒன்றுக்கு ஈடாகாது. ஒலித்தொலைவு அளக்கும்போது கப்பலின் பக்க உந்திகள் நின்றிருக்க வேண்டும். அவற்றின் இரைச்சலும் குமிழ்களும் கருவியின் பதிலை மூழ்கடித்துவிடும்.

12. மீட்டபின் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

கருவி தளத்துக்கு வந்ததும் எல்லோரும் தரவைப் பார்க்க விரும்புவார்கள். முதல் வேலை கடிகார ஒப்பீடு. மின்சாரம் நிற்பதற்கு முன், கோளம் வெயிலில் சூடேறுவதற்கு முன் அது முடிய வேண்டும். மின்கலம் முன்பே தீர்ந்திருந்தால் இறுதி ஒப்பீடு கிடைக்காது. அப்போது அருகிலுள்ள நிலையங்களின் பின்னணி அதிர்வோடு ஒப்பிட்டு, மாதத்துக்கு மாதம் நகரும் நேர விலகலைக் கணிக்க வேண்டியிருக்கும். அதற்காகவாவது கருவிகளைத் தனித்தனியாக விடாமல் கூட்டமாக விடுங்கள்.

உருளையின் உள்ளே நீர் புகுந்ததற்கான அறிகுறி தெரிந்தாலோ, எடை வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, திறக்காதீர்கள். ஆழத்தில் கசிந்து, மேலே வரும்போது அடைத்துக்கொண்ட பெட்டிக்குள் பெரும் அழுத்தம் சிறைப்பட்டிருக்கும். மூடி குண்டைப் போலப் பாயும். ஆட்களை விலக்கி, மூடியின் நேர்திசையில் எவரும் நிற்காமல், அழுத்த வெளியேற்றித் திருகு வழியாக மட்டுமே இறக்குங்கள். நனைந்த லித்தியம் கலங்களும் அதே அளவுக்கு ஆபத்தானவை. அழுத்த வெளியேற்றித் திருகு இல்லாத உருளையை வடிவமைக்கவே கூடாது என்பது இதனால்தான்.

தரவை இரண்டு படி எடுத்து, இரண்டையும் கப்பலின் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூலக் கோப்பில் நேரத் திருத்தத்தைக் கலக்காமல், தொடக்க விலகலையும் இறுதி விலகலையும் தனியாக எழுதி, திருத்திய படியை வேறு பெயரில் சேமியுங்கள்; பிசகல் நேர்கோட்டில் நடந்ததென்ற நம் எடுகோள் பின்னாளில் மாறக்கூடும். கிடைத்தடங்கள் எந்தத் திசையை நோக்கின என்பதும் இப்போது தெரியாது. காற்றுத் துப்பாக்கி வெடிப்புகளின் முதன்மை அலையிலிருந்தோ, தொலைதூரப் பெரு நிலநடுக்கங்களின் ராலே அலையிலிருந்தோ (மேற்பரப்பலைகளில் ஒரு வகை) அதைக் கணக்கிட்டு, பிழை வரம்போடு நிலையக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

கோளத்தையும் சட்டகத்தையும் நன்னீரில் கழுவி உலர்த்தி, கண்ணாடி விளிம்பை மறுபடி சாய்ந்த ஒளியில் பாருங்கள். புதிய செதில் இருந்தால் அதன் இடத்தையும் அளவையும் அந்தக் கோளத்தின் எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு எந்தக் கோளம் போகும் என்பதை அந்தப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.